கடைமடைச் சத்தம்

வெள்ளிக்கிழமையிலிருந்து படம் வருகிறது, சத்தம் இல்லை.
மேட்டூரைத் திறந்துவிட்டார்கள்.
பூப்போடுகிற கைகள் தெரிந்தன,
எத்தனை ஆயிரம் கன அடி என்று
ஒரு வாய் சொல்லி மூடிக்கொண்டது.
லஸ்கர் வீட்டுக்கே அளவு தெரியாமல் போயிற்று.

வேதவல்லிக்கு அந்தக் கவலை இல்லை.
ஒன்பதரை நாடகத்தில்
கதவுக்குப் பின்னால் நின்றவள் காதில் என்ன விழுந்தது என்று
நாலு நாளாகத் தெரியவில்லை.
"இருபத்தாறு வருஷமா தண்ணி எங்க நிக்குதுன்னு பாத்த மனுஷன்
இதப் பாக்கக் கூடாதா?"

பார்த்தேன்.
எனக்குத் தெரிந்தது ஒரே வழி:
வறண்ட வயலில் நின்று புலம்பாதே,
தலைப்பிலிருந்து நடந்து வா.

மாடியில் டிஷ். காக்கை எச்சம் தவிரப் பழுதில்லை.
செட்டாப் பாக்ஸ். பச்சை விளக்கு.
அங்கிருந்து டிவிக்குப் போகும் வயரைப் பிடுங்கி
ஊதி
மறுபடி செருகினேன்.
குறுக்குக் கோடு போட்ட ஒலிபெருக்கிப் படம் திரையில் இல்லை.
பதினெட்டு. இருபது. முப்பத்தைந்து.
கதவை முழுக்கத் தூக்கியும் கீழே ஈரமில்லை.

திருத்துறைப்பூண்டி மெக்கானிக் போனிலேயே சொன்னான்,
"ஸ்பீக்கர் போயிருக்கும் சார், ரெண்டாயிரத்து நானூறு."
கரையைப் பார்க்காமலே
உடைப்புக்கு மதிப்பீடு போடுகிறவர்கள்
எனக்குப் புதிதில்லை.

தலைப்பில் இருக்கிறது, கடைமடையில் இல்லை என்றால்
தண்ணீர் ஆவியாகிவிடவில்லை.
நடுவில் எவனோ குழாய் போட்டிருக்கிறான்.

அமைப்புகள். ஒலி. ஒலி வெளியீடு.
கண்ணாடியை மூக்குக்கு இறக்கி எழுத்துக் கூட்டினேன்.
அங்கே ஒரு பெயர்: தீனா மாஸ்.

பக்கிரிசாமி மகன் தீனதயாளன்.
சித்திரையில் கல்யாணத்துக்குப் புளூடூத் பெட்டி வாங்கினான்.
லீவுக்கு வந்த என் தங்கை பையன்
ரிமோட்டில் எதையோ அழுத்தியிருக்க வேண்டும்.
இரண்டு வீட்டுக்கும் ஒரே நடுச்சுவர்.
நாலு நாளாக அது முணுமுணுத்ததை
அவர்கள் பேச்சு என்று நான் காதில் வாங்கவில்லை.

பேச்சு நின்று மூன்று வருஷம்.
அரிச்சந்திராவிலிருந்து பிரியும் வாய்க்காலில்
ராத்திரியோடு அவன் பதித்த ஆறங்குலக் குழாயை
எழுதிக் கொடுத்ததும் நான், பிடுங்கியதும் நான்.
அந்த வருஷம் அவன் சம்பா
கதிர் தள்ளும் நேரத்தில் கருகியது.
என் சர்வீஸ் புத்தகத்தில்
நல்லதாக ஒரு வரி ஏறியது.

கொல்லைப் பக்கம் போய் நின்றேன்.
அவர்கள் டிவி இடியில் போனது ஊருக்கே தெரியும்.
தையல்நாயகி முறத்தை மடியில் வைத்துக்கொண்டு
இத்தனூண்டு பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"எனக்கு எல்லாம் தெரியும் அத்தை" என்றது பெட்டி.
"யாருடி நீ, மூத்தவளா சின்னவளா?
மூஞ்சி தெரியலயே"
என்று அவள் பெட்டியைக் கேட்டாள்.

உள்ளே வந்து, கண்டதை மட்டும் வேதவல்லியிடம் சொன்னேன்.
திரை கேட்டது: துண்டிக்கவா?
இலாகா விதி எனக்கு மனப்பாடம்.
ஆம்.

முப்பத்தைந்தில் வந்து கூடத்தில் மோதியது,
முதல் தண்ணீர் மாதிரி
நுரையும் சருகுமாக.
சுவருக்கு அந்தப் பக்கம் டொக், டொக்.
பெட்டியின் தலையில் தட்டுகிறாள்.

இந்தப் பக்கத்து மண்ணில்
ஒருவன் வடிகால்தான் அடுத்தவன் பாசனம்.
எந்த ரிப்போர்ட்டிலும் இதை நான் எழுதியதில்லை.

குறைக்கச் சொல்ல வாயெடுத்தேன்.
வேதவல்லி என்னைப் பார்க்காமல் ரிமோட்டை எடுத்தாள்.
முப்பத்தெட்டு.
நாற்பது. நாற்பத்திநாலு.
எழுந்து போய்க் கொல்லைக் கதவைத் திறந்து வைத்தாள்.
பிறகு சுவரைப் பார்த்து, கொஞ்சம் உரக்கவே,
"சின்னவ," என்றாள்.
"பச்சப் பொடவ."